ஒரே கியர் சைக்கிள் வாங்கும்போது

யேர்மனியின் சமதரை நகரங்களில் வேலைக்கும் கடைக்கும் போய்வர ஒரே கியர் சைக்கிள் போதும். ஊரில் நாம் ஓடியதும் அதுதான். பாகங்கள் குறைவு, திருத்தச் செலவும் குறைவு.

பெடலைப் பின்னோக்கி மிதிக்கச் சில்லும் பின்னோக்கிச் சுழன்றால் அது 'ஃபிக்சி'. மிதிக்காமல் உருளாது, பழகாதவர்களுக்கு வேண்டாம். முன்னால் 44, பின்னால் 16 பற்கள் சமதரைக்குச் சரி. ஏற்றமிருந்தால் பின்னால் 18 கேட்போம்.

தனித்தனியே இயங்கும் இரண்டு பிறேக், மணி, முன்பின் விளக்குகள் சட்டப்படி கட்டாயம். இவை இல்லாமல் விற்றால், பூட்டும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

பழையதென்றால் பற்றுச்சீட்டு கேட்போம். களவுபோன சைக்கிளைத் தெரியாமல் வாங்கினாலும் அது நமக்குச் சொந்தமாகாது; காசும் போகும். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பொலிஸ் விசாரணை வேறு தலையிடி.