இரண்டு மலைகளுக்கு நடுவே

1820களில் பிரிட்டிஷ் துரைமார் இலங்கை மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். தொடர்ந்து, ஆள் சேர்க்கக் கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்கு வந்தார்கள். பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டிய குடும்பங்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தன. காலராவில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கங்காணியிடம் பட்ட கடனும், லயம் எனப்பட்ட தோட்ட வரிசை வீட்டு வாழ்வும் அப்படியே இருந்தன.

சுதந்திர இலங்கை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இந்தத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

பிறகு வந்தது பங்கீடு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாடு பிரிப்பதுபோல! சம்பந்தப்பட்ட மக்களிடம் யார் கேட்டார்கள்? ஒரே லயத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர் என்றானது.

தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்கள், கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரர்' ஆனார்கள்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.