தருக்கச் சிந்தனை வளர்ச்சி: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை

கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தெரியாததை ஊகிப்பது, அந்த ஊகம் நிற்குமா என்று சோதிப்பது, நிற்காவிட்டால் அதை விட்டுவிடுவது: இந்த மூன்றும் சேர்ந்த திறனே தருக்கச் சிந்தனை. இது பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. வயது ஏறினால் தானாக முதிர்வதும் இல்லை. ஒருவர் நெடுநாள் புழங்கிய துறையில், அவர் எடுக்கும் முடிவு உடனுக்குடன் சரிபார்க்கப்படும் இடத்தில், ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்க ஆள் இருக்கும்போது வளர்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் இதற்கான சான்றுகள் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கின்றன.

பழைய மரபு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரம் தருக்கக் கல்விக்குப் பேர்போன நகரம். பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர் அதன் அருகே பிறந்தவர் என்பது மரபு. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் தன்னை நாடி வந்த மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் முதலில் கற்பிப்பது அளவை இலக்கணத்தைத்தான். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று எதனால் சொல்லலாம், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டுவது ஏன் என்று தொடங்கி, போலிக் காரணங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் நீண்ட பகுதி அது. கதைக்காகப் படிப்பவர்கள் இந்தக் காதையைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சிந்தனைப் பாடங்களில் ஒன்று அது.

குழந்தைப் பருவம்

கையில் பொருள் இல்லாமல், ‘இப்படி இருந்தால் அப்படி ஆகும்’ என்று மனத்துக்குள்ளேயே வாதிக்கும் ஆற்றல் 11, 12 வயதில்தான் தொடங்குகிறது என்றார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980). பிற்கால ஆய்வுகள் இந்த எல்லையைத் தளர்த்தியுள்ளன. அம்மா போட்ட விதியை மீறிய பிள்ளை எந்தப் படத்தில் இருக்கிறது என்று கேட்டால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளே சரியாகக் காட்டுகிறார்கள். பழகிய விஷயத்தில் வாதம் சீக்கிரமே வந்துவிடுகிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இன்னொன்றையும் சேர்த்தார்: குழந்தை முதலில் மற்றவரோடு பேசிச் செய்வதைத்தான் பிறகு தன் மனத்துக்குள் தனியாகச் செய்யக் கற்கிறது.

இருளர்களின் தடம் பார்க்கும் அறிவு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றுபோனது. அதனால் பிழைப்பை இழந்த இருளர் பழங்குடியினர் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கு இந்த விஷம் போகிறது.

பாம்பைக் கையால் தூக்குவதைத்தான் பார்வையாளர்கள் வியந்து பார்க்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. வரப்போரம் ஒரு எலிவளை. வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் சமீபத்தில் எதுவும் உள்ளே போகவில்லை. விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று போய்வருகிறது. புது மண் தள்ளியிருந்தால் எலி இருக்கிறது. ஆனால் பாம்பு இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் சட்டை கிடந்தால் அது எந்த இனம், எவ்வளவு நீளம், ஈரம் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் கூட்டிக் கழித்த பிறகே கடப்பாரை மண்ணில் இறங்கும். ஊகம் தப்பினால் அரை நாள் உழைப்பு வீண். அவசரப்பட்டுத் தப்பினால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவு கண்டிப்பான ஆசிரியர் எந்த வகுப்பறையிலும் இல்லை. தாய் தந்தையோடு காட்டுக்குப் போகும் பிள்ளை, ‘இந்த வளையை ஏன் விட்டுவிட்டுப் போகிறோம்?’ என்று கேட்டே இதைப் படிக்கிறது.

தடம் பார்ப்பதுதான் அறிவியல் சிந்தனையின் தோற்றுவாய் என்று தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் லீபன்பெர்க், களஹாரி வேட்டைக்காரர்களோடு பழகி, 1990இல் ஒரு நூல் எழுதினார். இருளர்களை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடும் வேலை. இடமும் புதிது, அந்தப் பாம்பும் அவர்கள் அன்றாடம் பிடிப்பதல்ல. இருந்தும் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்த அறிவோடு பள்ளிக்கு வரும் இருளர் பிள்ளையை ‘படிப்பு ஏறாதவன்’ என்று ஓரம் கட்டுவது பெரிய அநீதி. அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, வகுப்புக்கே அது இழப்பு.

சதுரங்கமும் பொதுச் சிந்தனையும்

44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணியும் பெண்கள் பிரிவில் முதல் அணியும் வெண்கலம் வென்றன. முதல் பலகையில் தனிநபர் தங்கம் வாங்கிய குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். தமிழ்நாடெங்கும் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சதுரங்க வகுப்பில் சேர்க்க வரிசையில் நின்றார்கள். ‘மூளை வளரும், கணக்கு நன்றாக வரும்’ என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது.

ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. நிஜ ஆட்டத்தின் காய்நிலையைச் சில நொடி காட்டி மறைத்தால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதை அப்படியே திரும்ப அடுக்குகிறார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவர்களும் புதியவர்களைப் போலவே தடுமாறுகிறார்கள் என்று வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் காட்டினார்கள். அவர்களிடம் சேர்ந்திருப்பது சதுரங்க அறிவு. எதற்கும் பயன்படும் பொது நினைவாற்றல் அல்ல. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஒரு கல்வியாண்டு சதுரங்கம் கற்ற பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சியில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கற்காதவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. சதுரங்கம் அருமையான விளையாட்டு. தோல்வியைத் தாங்கவும் பொறுமையாக உட்காரவும் பழக்குகிறது. அதை அதற்காகவே கற்பிக்கலாம். கணக்கு வர வேண்டுமானால் கணக்கில்தான் ‘ஏன்’ கேட்டுப் பழக வேண்டும்.

பள்ளிகளில்

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் தொடங்கி, 2007–08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை பூசப்பட்டது. ஆசிரியர் மூச்சுவிடாமல் பேசும் வகுப்பை இது மாற்றியது பெரிய காரியம். ஆனால் அட்டையை முடிப்பதே குறியாகிப்போன இடங்களில் விவாதம் சுருங்கிவிட்டது.

சிந்தனைப் பயிற்சிக்கு இன்னும் நெருக்கமானது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடக்கும் இதில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகத் தங்கள் ஊரிலேயே ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, எழுதி, நடுவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இதைத் தமிழ் வழியில் கிராமப் பள்ளிகள் வரை கொண்டுபோயின.

மாமல்லபுரத்துக்கு ஆண்டுதோறும் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ‘அருச்சுனன் தபசு’ பாறையே ஒரு பாடமாகலாம். அது அருச்சுனன் தவமா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமா என்ற விவாதம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கும் தவசி இரண்டு கதைக்கும் பொருந்துகிறார். அதனால் அவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நடுப்பிளவில் நாகர்கள் இருப்பதும், மேலே தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளமும் கங்கைப் பக்கம் சாய்கின்றன. சிவனருகே நிற்கும் குள்ள உருவத்தை, அருச்சுனன் வேண்டித் தவமிருந்த பாசுபத ஆயுதம் என்று கொள்வோர் அருச்சுனன் பக்கம் நிற்கிறார்கள். சிற்பி இரண்டையும் எண்ணியே செதுக்கினார் என்பாரும் உண்டு. எந்தச் சான்று எந்தக் கருத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்று பிள்ளைகளையே கேட்டு, அரை மணி நேரம் பாறை முன் விட வேண்டும்.

பெரியவர்களிடம்

வளர்ந்தவர்கள் நன்றாகச் சிந்திப்பார்கள் என்ற எண்ணத்தை உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் அசைத்தார். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்ற விதியைச் சோதிக்க நான்கு அட்டைகளில் எவற்றைத் திருப்ப வேண்டும் என்பது அவர் கேள்வி. படித்தவர்களிலும் பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னால் அதிகம். பெரும்பாலோர் விதிக்குச் சாதகமான அட்டையையே தேடுகிறார்கள். அதை உடைக்கக்கூடியதைத் தேடுவதில்லை. 1998இல் டேவிட் மாஷ்மனும் மாலி கைலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதே கணக்கைக் கொடுத்தபோது தனியாகச் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்கே விடை வந்தது. கூடிப் பேசிய குழுக்களில் 75 சதவீதம் சரியாகச் செய்தன. தன் வாதத்தின் ஓட்டை தனக்குத் தெரியாது, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

இப்படிக் கூடிப் பேசுவதை ஓர் இயக்கமாகவே நடத்திய வரலாறு செங்கல்பட்டுக்கு உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இங்கே ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடியது. நான் சொல்வதற்காக எதையும் ஏற்க வேண்டாம், உங்கள் அறிவைக் கொண்டு சோதித்துப் பாருங்கள் என்று பெரியார் ஈ.வெ. ராமசாமி மேடைதோறும் சொல்லிவந்த காலம் அது. அவருடைய ‘குடிஅரசு’ இதழை எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு வாதாடினார்கள். பள்ளி வாசலை மிதிக்காதவர்களுக்கும் காரணம் கேட்கும் உரிமை உண்டு என்பதை அந்தக் கூட்டங்கள் நிலைநாட்டின. பரம்பரை வழக்கம் என்ற ஒன்றையே காரணமாக ஏற்க மறுத்து, சாதிப் பட்டங்களை விட வேண்டும், பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு மாநாடு தீர்மானம் போட்டது. பரம்பரைச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களோடு சம உரிமை தரும் திருத்தச் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல், சரியாக 60 ஆண்டுகள் கழித்து, வந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் சட்டமானது.