மெண்டலின் பட்டாணி ஆய்வும் அதன் வாசிப்பு வரலாறும் (1866–1900)

முன்னுரை

கிரிகோர் மெண்டலின் ஆய்வு 34 ஆண்டுகள் எவரும் அறியாமல் கிடந்து, 1900இல் மீண்டும் கண்டறியப்பட்டது என்பது பாடநூல்கள் வழங்கும் செய்தியாகும். அவ்வாய்வு முற்றிலும் அறியப்படாமல் இருக்கவில்லை. வேறொரு வினாவுக்குரிய விடையாகவே வாசிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டாணிச் சோதனைகள்

மெண்டல் பிரனோ நகரத் துறவிமடத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணியின் ஏழு பண்புகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே தோன்றின. அவை தன்மகரந்தச் சேர்க்கையால் ஈன்ற 7,324 விதைகளுள் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. விகிதம் ஏறத்தாழ 3:1. மறைந்த பண்பு அழியாமல் மீண்டும் வெளிப்பட்டமை, பெற்றோர் பண்புகள் ஒன்றாய்க் கலந்து கரைந்துவிடும் என்ற அக்காலக் கருத்துக்கு முரணாக அமைந்தது.

வாசிப்பின் எல்லை

1865இல் பிரனோ இயற்கை ஆய்வுக் கழகத்தில் வாசிக்கப்பட்ட இவ்வாய்வு 1866இல் அக்கழக இதழில் அச்சேறியது. அதன் தலைப்பு தாவரக் கலப்பினங்களைச் சுட்டியதேயன்றி மரபுவழியைச் சுட்டவில்லை. கலப்பினங்கள் குறித்து 1881இல் ஃபோக்கே எழுதிய நூலும் மெண்டலைக் கலப்பின ஆய்வாளருள் ஒருவராகவே குறிப்பிட்டது. மெண்டலோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த மியூனிக் தாவரவியலாளர் நேகேலியின் ஈடுபாடு ஹைரேசியம் செடிகளில் இருந்தது. அச்செடிகளில் மெண்டலுக்குப் பட்டாணியின் விகிதங்கள் கிட்டவில்லை. அவை பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருபவை என்பது பின்னரே தெளிவாயிற்று.

வினாவின் மாற்றம்

1876இல் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் கருவுறுதலில் உட்கருக்கள் இணைவதைக் கண்டார். 1892இல் வைஸ்மன் கருப்பிளாசக் கோட்பாட்டை நூலாக்கினார். இவற்றால் மரபுவழி தனி வினாவாக உருப்பெற்றது. 1900இல் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் ஆகியோர் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். டி விரீஸின் பிரெஞ்சுக் குறிப்பில் மெண்டல் பெயர் இல்லை. ஜெர்மன் கட்டுரையில் உண்டு. கோரென்ஸோ தம் கட்டுரைத் தலைப்பிலேயே மெண்டலின் விதி எனக் குறித்தார். முந்துரிமை குறித்த இப்போட்டியும் 1884இல் மறைந்த மெண்டலை முன்னோடியாக நிறுத்த உதவியது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

1866இன் தரவுகள் மாறவில்லை. அவற்றிடம் கேட்கப்பட்ட வினாவே மாறியது. எனவே 1900இன் நிகழ்வைப் புதைந்த நூலை மீட்டெடுத்ததாகக் கொள்வதினும், அறிந்த நூலைப் புதிதாய் வாசித்ததாகக் கொள்வதே பொருந்தும். ஓர் ஆய்வின் ஏற்பு, அதன் உண்மையை மட்டுமன்றி அதை வாசிக்கும் துறையின் வினாக்களையும் சார்ந்தது என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.