ஒரு குண்டும் இரு வாசிப்பும்: ‘கேசரி’ வழக்கு, 1908

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்போர்டுக்குக் குறிவைத்து வீசப்பட்ட குண்டு, வேறொரு வண்டியில் சென்ற ஐரோப்பியப் பெண்கள் இருவரின் உயிரைப் பறித்தது. ஆங்கிலோ-இந்திய ஏடுகள் இதனைக் கொடுங்குற்றமாகவே காட்டிக் கடும் ஒடுக்குமுறையை வேண்டின. திலகரின் ‘கேசரி’ வார இதழோ, குண்டு வீச்சை ஏற்காமல், அரசின் அடக்குமுறையே அதற்கு வித்திட்டது என எழுதியது. சூன் மாதத்தில், வன்செயலைத் தூண்டும் இதழ்களின் அச்சகங்களைப் பறிமுதல் செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. சூலை 22இல் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூரிகள் ஒன்பதின்மருள் ஐரோப்பியர் எழுவர் அவ்வெழுத்தைக் குற்றமென்றனர். இந்தியர் இருவர் குற்றமன்று என்றனர். வன்செயலின் காரணத்தை விளக்குதல் எங்கு முடிகிறது, தூண்டுதல் எங்குத் தொடங்குகிறது என்பதைச் சொற்கள் மட்டுமன்றி, வாசிப்போரின் நிலைப்பாடும் வரையறுக்கிறது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.