உப்பை வென்ற நெல்

உவர்மண்ணில் நெல்லின் வேர் நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். சோடியம் இலைக்கு ஏறி நுனியைக் கருக்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் இத்தீங்கு மிகுதி.

இதனைக் கொச்சிக் காயற்கரையின் பொக்காளி உழவர் நெடுங்காலத்துக்கு முன்பே வென்றனர். சேற்றை மேடுகளாகக் கூட்டினர். பருவமழை உப்பைக் கழுவிய பின் அம்மேடுகளில் விதைத்தனர். அறுவடைக்குப்பின் கடல்நீரை உள்ளே விட்டு இறால் வளர்த்தனர். இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாயிற்று.

1960இல் பிலிப்பைன்ஸில் அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளியைக் கலந்து புதிய நெல்வகைகளைக் கண்டது. பொக்காளி தந்த ‘சால்டால்’ என்னும் மரபுக்கூறு இன்று பிற நெல்வகைகளின் நாற்றுகளையும் உப்பினின்று காக்கின்றது.

ஆயினும் ஆள் பற்றாக்குறையால் பொக்காளி வயல்கள் சுருங்கி வருகின்றன. கேரளத்தில் வாழும் நம் நேயர்கள் அவ்வரிசியை வாங்கி உண்பது, விதை காத்த உழவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.