முலாம்பழத்தைக் காத்த இந்திய விதை



தாவரப் பாடத்தின்போது நான் மாணவர்க்குச் சொல்லும் வரலாறு இது. 1925-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழக் கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கியது. இலைகளில் வெண்பொடி படர்ந்தது, கொடிகள் நலிந்தன. இந்தியாவிலிருந்து பெறப்பட்ட முலாம்பழ வகையொன்று அந்நோயைத் தாங்கி நின்றது. ஆனால், அதன் பழத்தில் இனிப்பில்லை. ஐவன் ஜாகர் முதலிய ஆய்வாளர்கள் அதனை இனிப்பான ‘ஹேல்ஸ் பெஸ்ட்’ வகையுடன் கலப்புச் செய்து, நோய் தாங்கிய கன்றுகளைத் தேர்ந்தெடுத்து, 1936-இல் ‘பி.எம்.ஆர். 45’ என்னும் வகையை வெளியிட்டனர். 1938-இலேயே அதனையும் தாக்கும் புதிய பூஞ்சை இனம் தோன்றியது. ஆய்வாளர்கள் மீண்டும் விதை தேடினர்.

பயிர் காக்கும் பணி ஒருமுறையோடு முடிவதில்லை. ஆகவேதான் சந்தையில் விலைபோகாத நாட்டு விதைகளையும் விதை வங்கிகள் பேணுகின்றன. இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.