விடுதலையும் ஒற்றுமையும்: நேரு, அண்ணா உரைகள் ஓர் ஒப்பீடு

விடுதலை, ஒற்றுமை என்னும் சொற்கள் எல்லார் உரையிலும் ஒரே பொருளில் வழங்குவன அல்ல. 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் பண்டித நேரு ஆற்றிய உரையையும், 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா ஆற்றிய முதல் உரையையும் ஒப்புநோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

அமைதியைப் போன்றே விடுதலையும் பகுக்கவொண்ணாதது என்றார் நேரு. மக்கள் அனைவரும் வாழ்தற்குரிய மாளிகையாக நாட்டை உருவகித்தார். அவர்க்கு ஒற்றுமை முன்னரே அமைந்த அடிநிலம். அண்ணாவோ தம்மைத் திராவிட மரபினர் என அறிவித்து, சுயநிர்ணய உரிமை வேண்டினார். வங்காளியரையோ மராட்டியரையோ பகைத்தல் அதன் கருத்தன்று என்றும் தெளிவுறுத்தினார். அவர்க்கு ஒற்றுமை, உரிமையுடையோர் உளமொப்பிக் கூடுதலால் விளையும் பயன்.

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963இல் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிற்று, தி.மு.க.வும் அவ்வாண்டிலேயே திராவிடநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. எனினும் அண்ணா எழுப்பிய வினா மறையவில்லை. மாநில உரிமை என வேற்றுருக் கொண்டது.

1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்ற அண்ணா, அவ்வாண்டே முதலமைச்சரானார். சூலை 18 அன்று ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. பிரிந்து சென்றன்று, ஒன்றியத்துள் நின்றே ஓர் இனம் தன் பெயரைச் சூடிக்கொண்டது. நேரு கருதிய ஒற்றுமையும் அண்ணா கருதிய உரிமையும் ஒருங்கே இயைந்த இடம் அதுவே எனலாம்.